குடியிருப்போர்க்கே வீடு: லாரி பேக்கரின் கட்டடப் பணி

தேவதானம் என்பது ஓர் ஊரின் பெயராவதற்கு முன்பு ஒரு கொடையின் பெயராக இருந்தது. கோயிலுக்கு உரிமையாக்கப்பட்ட நிலத்தைத் தேவதானம் என்றும், அந்தணர்க்கு அளிக்கப்பட்ட நிலத்தைப் பிரமதேயம் என்றும், சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடப்பட்ட நிலத்தைப் பள்ளிச்சந்தம் என்றும் நம் கல்வெட்டுகள் வேறுபடுத்திக் கூறும். இப்பெயர்கள் மூன்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. கொடுத்தவன் யார் என்பதை இவை சொல்வதில்லை. யாருக்காகக் கொடுக்கப்பட்டது என்பதையே சொல்கின்றன. கொடையின் சிறப்பு பெறுவோரைக் கொண்டே அறியப்படும் என்ற பழைய கருத்து, ஊர்ப்பெயரின் வடிவில் இன்றும் நம்மிடையே நிலைத்திருக்கிறது.

கட்டடக் கலையையும் இக்கேள்வியைக் கொண்டு அளந்து பார்க்கலாம். ஒரு கட்டடத்தைக் கட்டியவர் யார், கட்டுவித்தவர் யார், எவ்வளவு செலவாயிற்று என்று வரலாறு குறித்து வைக்கிறது. அது யாருக்காகக் கட்டப்பட்டது, அவருக்கு அது பயன்பட்டதா என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. இவ்வினாவையே தம் வாழ்நாள் முழுவதும் கேட்டு, அதற்குச் செங்கல்லிலும் மண்ணிலும் விடை கண்ட ஒருவர், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால், திருவனந்தபுரத்தில் வாழ்ந்து மறைந்தார். லாரி பேக்கர் என்னும் அக்கட்டடக் கலைஞரின் பணியை எடுத்துரைத்து, அதிலிருந்து நம் பகுதி மக்கள் பெறத்தக்கது யாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூலி கொடுப்பவரும் குடியிருப்பவரும்

தமிழர்க்குக் கட்டடக் கலை புதிதன்று. அரண்மனைக்கு நாள் குறித்து, கோல் நட்டு, அதன் நிழலால் திசையறிந்து, நூல் பிடித்து மனை வகுத்த செய்தியைச் சங்க நூலாகிய நெடுநல்வாடையில் காண்கிறோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் 11 நிலைகளுடன் 192 அடி உயரத்தில் நிற்கும் வடபத்ரசாயி கோயிற் கோபுரம், சுதையும் செங்கல்லும் கையாண்ட நம் தச்சர்களின் கணக்கறிவுக்குச் சான்று. ஆயினும் அரண்மனைக்கும் கோபுரத்துக்கும் புறத்தே, எண்ணிக்கையில் அவற்றினும் ஆயிரம் மடங்கு மிகுந்த வேறொரு கட்டட மரபு இருந்தது. அதுவே குடியானவரின் வீடு. வீட்டுக்காரரும் கொத்தனாரும் மனையில் ஒன்றாக நின்று, எருதுகளை எங்கே கட்டுவது, நெல்லை எங்கே சேர்ப்பது, வழிப்போக்கர் அமரத் திண்ணை எவ்வளவு அகலம் வேண்டும் என்று பேசிப் பேசியே அவ்வீடுகளை எழுப்பினர். வரைபடம் என ஒன்று கிடையாது. வீட்டுக்காரரின் வாழ்க்கையே வரைபடம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்நிலை மாறத் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் பொதுப்பணித் துறை தோன்றிய பின்னர், பெருங்கட்டடங்களுக்கு அரசே எசமானனாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையை வடிவமைத்த ராபர்ட் சிஷோம் போன்றோர் திறமையில் குறைந்தவரல்லர். சிதைந்திருந்த மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைச் செப்பனிடும் பணியிலும் ஈடுபட்டு, நம் நாட்டு வடிவங்களைக் கற்றுத் தம் பணியில் ஆண்டவர் அவர். எனினும் அவருக்கு வேலையிட்டது அரசு. அக்கட்டடங்களுக்குள் நாள்தோறும் புழங்கியவர்களை எவரும் கலந்துகொண்டதில்லை.

இவ்வாறு கட்டடத்துக்குப் பணம் கொடுப்பவர் ஒருவர், அதில் வாழ்பவர் வேறொருவர் என்ற பிரிவு உண்டாயிற்று. மருத்துவமனைக்கு நோயாளி பணம் தருவதில்லை. அரசு கட்டித் தரும் குடியிருப்புக்கு ஏழை திட்டம் வகுப்பதில்லை. தம் சொந்தப் பணத்தில் வீடு கட்டுபவரும்கூட, காலப்போக்கில், தாம் வாழ்வதற்கு வேண்டியதைக் காட்டிலும் பிறர் கண்ணுக்கு வேண்டியதைக் கட்டலானார். இம்மூன்று நிலைகளையும் பேக்கர் தம் பணியில் எதிர்கொண்டார் என்பதே அவருடைய வரலாற்றை நாம் பயில வேண்டியதன் காரணம்.

பர்மிங்காம் முதல் பித்தோராகட் வரை

லாரன்ஸ் வில்பிரட் பேக்கர் 1917ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் பிறந்தார். அந்நகரக் கட்டடக் கலைப் பள்ளியில் பயின்று 1937இல் தேர்ச்சி பெற்றார். எளிமையையும் போர் மறுப்பையும் நெறியாகக் கொண்ட குவேக்கர் சமயப் பிரிவில் அவர் இளமையிலேயே சேர்ந்திருந்தார். ஆகவே இரண்டாம் உலகப் போர் மூண்டபோது துப்பாக்கி ஏந்த மறுத்து, நண்பர் மருத்துவ உதவிப் படையில் தொண்டராகச் சேர்ந்து சீனா சென்றார். அங்கே காயமுற்றோர்க்கும் தொழுநோயாளர்க்கும் பணி செய்தார்.

உடல்நலம் குன்றி இங்கிலாந்துக்குத் திரும்பும் வழியில், கப்பலுக்காகப் பம்பாயில் சில மாதங்கள் தங்க நேர்ந்தது. அவர் தங்கியிருந்த இல்லத்தார் காந்தியடிகளுக்கு வேண்டியவர்கள். பிரார்த்தனைக் கூட்டத்துக்கு வந்த அவ்விளைஞரின் காலில் இருந்த கந்தல் துணியால் தைத்த சீனக் காலணி அடிகளின் கண்ணில் பட்டது. அதுவே உரையாடலுக்கு வித்தாயிற்று. நகரங்களில் அன்று, சிற்றூர்களிலேயே உம் போன்றோரின் தேவை இருக்கிறது என்று அடிகள் அறிவுறுத்தினார். சிற்றூரில் எழும் வீடு, அவ்விடத்திலிருந்து ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே அமைய வேண்டும் என்ற கருத்தையும் அவரிடம் வெளியிட்டார். இருப்புக் கம்பியும் கண்ணாடியும் சிமிட்டியும் கொண்டு கட்டப் பயின்றிருந்த ஓர் இளைஞருக்கு இது புதிய பாடமாக இருந்திருக்கும். அதன் முழுப் பொருளையும் தாம் பின்னரே உணர்ந்ததாகப் பேக்கர் கூறியுள்ளார்.

1945இல் தொழுநோயாளர் பணிச் சங்கத்தின் கட்டடக் கலைஞராக அவர் இந்தியாவுக்குத் திரும்பினார். அக்காலத்தில் தொழுநோய்க்குப் புதிய மருந்துகள் வந்துகொண்டிருந்தன. அதுவரையிலும் தொழுநோய் இல்லங்கள் என்பவை நோயாளரை ஊரிலிருந்து விலக்கி வைக்கும் அடைப்புகளே. நோய் தீரும் என்றான பின்னர், அவ்வடைப்புகளை மருத்துவமனைகளாக மாற்ற வேண்டியதாயிற்று. நோயாளி உள்ளே வருவார், குணமடைவார், வீடு திரும்புவார் என்ற எண்ணம் கதவு, சன்னல், முற்றம் ஆகிய ஒவ்வொன்றிலும் புலப்பட வேண்டும். பேக்கருக்கு ஊதியம் தந்தது சங்கம். ஆனால் அவர் கட்ட வேண்டியிருந்ததோ, பேசவும் கேட்கவும் உரிமையற்றுக் கிடந்த நோயாளருக்காக. கட்டடக் கலைஞரின் மெய்யான எசமானர் யார் என்ற வினா அவர் முன் எழுந்தது இங்கேதான் எனலாம்.

1948இல் அவர் எலிசபெத் ஜேக்கப் என்னும் மலையாள மருத்துவரை மணந்தார். மணமக்கள் இமயமலைச் சாரலில் உள்ள பித்தோராகட் பகுதிக்குச் சென்றபோது, மருத்துவர் ஒருவர் வந்திருப்பதை அறிந்த மலைவாழ் மக்கள் திரண்டு வரத் தொடங்கினர். சில நாள் தங்கச் சென்றவர்கள் 16 ஆண்டுகள் தங்கிவிட்டனர். மனைவி மருத்துவம் செய்ய, கணவர் மருத்துவமனையும் பள்ளிகளும் கட்டினார்.

அங்கேதான் அவருடைய இரண்டாவது கல்வி நிகழ்ந்தது. பர்மிங்காமில் கற்ற விடைகள் எவையும் அம்மலைச் சரிவில் எழுந்த வினாக்களுக்குப் பொருந்தவில்லை. ஆனால் அங்கிருந்த எழுத்தறியாத கொத்தர்கள் கல்லையும் மண்ணையும் சாணத்தையும் மரத்தையும் கொண்டு, குளிரையும் மழையையும் நில நடுக்கத்தையும் தாங்கும் வீடுகளைப் பல தலைமுறைகளாக எழுப்பி வந்திருந்தனர். பல நூறு ஆண்டுகளாகத் தவறிக் கற்றுத் திருத்திக்கொண்ட அறிவின் பயன் அவ்வீடுகள் என்பதைப் பேக்கர் கண்டார். கற்பிக்கச் சென்றவர் கற்பவரானார். ஒரு தொழிலில் தேர்ந்த பின்னர் மீண்டும் மாணவராக அமர்வது எளிதன்று. அவருடைய பிற்காலப் பெருமை அனைத்துக்கும் அப்பணிவே அடித்தளம்.

திருவனந்தபுரத்தில்

1963இல் பேக்கர் குடும்பத்தினர் கேரளத்து மலைப்பகுதியாகிய வாகமணுக்குக் குடிபெயர்ந்தனர். பின்னர், எழுபதுகளின் தொடக்கத்தில், திருவனந்தபுரத்தில் நிலைத்தனர். தொழிலில் பெயர் பெற்றவர் பலரும் ஓய்வை எண்ணும் 50 வயதைக் கடந்த பின்னரே, நாடறிந்த பேக்கரின் பணி தொடங்கியது என்பது நோக்கத்தக்கது. பேராயர் பெனடிக்ட் மார் கிரிகோரியோஸ் அவருக்கு ஆதரவளித்து, ஏழைகளுக்குச் சிக்கன வீடுகள் கட்டும் பணியில் ஈடுபடுத்தினார். நாலாஞ்சிறை என்னுமிடத்தில் பாறை நிறைந்த ஒரு சரிவில் பேக்கர் தமக்கென ஒரு வீடும் அமைத்துக்கொண்டார். வெட்டிச் சமன் செய்யாமல், பாறையின் போக்கிலேயே படிப்படியாக வளர்ந்த வீடு அது.

அப்போது கேரள முதலமைச்சராக இருந்த சி. அச்சுத மேனனும், பொருளியல் அறிஞர் கே.என். ராஜும் அவருடைய பணியின் பொருளை உணர்ந்தவர்கள். 1971ஆம் ஆண்டளவில் உள்ளூரில் உருவான வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தை அமைக்கும் பொறுப்பு பேக்கரிடம் வந்தது. பூசப்படாத செங்கற்சுவர், காற்றும் ஒளியும் புகும் செங்கற்சாளரம், நிலத்தின் ஏற்ற இறக்கத்தோடு ஒட்டிச் செல்லும் நடைவழி, வெட்டப்படாத மரங்கள், இவற்றுக்கு நடுவே உயர்ந்த நூலகக் கோபுரம் என அவ்வளாகம் அமைந்தது. நாட்டின் வறுமையை ஆராயும் நிறுவனம் வீண்செலவின்றி அமைய வேண்டும் என்பது அதனை நிறுவியோரின் விருப்பம். செலவைச் சுருக்கிய கட்டடமும் அறிஞர் வந்து கூடத்தக்க அழகுடையதாக இருக்கக்கூடும் என்பதற்கு அவ்வளாகம் சான்றாயிற்று.

நம் பகுதியிலிருந்து செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் செல்வோர் தம்பானூரில் உள்ள இந்தியன் காபி ஹவுசைக் கண்டிருக்கலாம். செங்கல் நிறத்தில் ஓர் உருளை. உள்ளே சுழன்று மேலேறும் சாய்தளம். அதன் ஓரத்தில் வரிசையாக மேசைகள். குறுகிய மனையில் மிகுதியான பேர் அமர்ந்து உண்ண வேண்டும் என்ற தேவைக்கு அவர் கண்ட விடை அது.

1985இல் அச்சுத மேனன், கே.என். ராஜ், டி.ஆர். சந்திரதத் ஆகியோருடன் சேர்ந்து காஸ்ட்போர்டு என்னும் தொண்டு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1989இல் இந்தியக் குடிமகனானார். 1990இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1993இல் லாத்தூரில் நிலநடுக்கம் நேர்ந்தபோதும், 2004இல் ஆழிப்பேரலை கரையோர ஊர்களை அழித்தபோதும், முதுமையைப் பொருட்படுத்தாது, வீடிழந்தோர் மீண்டும் கட்டிக்கொள்ளும் வழிகளைத் தம் கைப்படப் படம் வரைந்து சிறு நூல்களாக ஆக்கித் தந்தார். 2007ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், தம் 90ஆம் வயதில், திருவனந்தபுரத்தில் காலமானார்.

செங்கல்லின் கணக்கு

பேக்கரின் சிக்கனம் குறைத்துக் கொடுக்கும் சிக்கனமன்று, கணக்கறிந்த சிக்கனம். மூன்று எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

முதலாவது சுவர். ஒன்பது அங்குலச் சுவரில் செங்கற்களைப் படுக்கையாக அடுக்குவதே வழக்கம். பேக்கர் அவற்றைப் பக்கவாட்டில் நிறுத்தி, உள்ளும் புறமுமாக இரு வரிசை வைத்து, இடையே குறுக்குக் கல்லால் பிணைத்தார். இதனை எலிப்பொறிக் கட்டு என்பர். சுவரின் கனம் குறைவதில்லை. ஆனால் நடுவே வெற்றிடம் உண்டாகிறது. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சப்படுவதுடன், அவ்வெற்றிடத்தில் அடைபட்ட காற்று வெளிவெப்பம் உள்ளே புகுவதையும் தடுக்கிறது.

இரண்டாவது தளம். கான்கிரீட் தளம் பாரம் தாங்கும்போது அதன் மேற்பகுதி அழுந்துகிறது, அடிப்பகுதி இழுபடுகிறது. அழுத்தத்தைத் தாங்கும் வலிமை கான்கிரீட்டுக்கு உண்டு; இழுப்பைத் தாங்குவதோ கம்பிதான். அங்ஙனமாயின் அடிப்பகுதியில், கம்பிகளுக்கு இடையே, விலை மிகுந்த கான்கிரீட்டை நிரப்புவானேன்? அவ்விடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்து, மேலே கான்கிரீட் இட்டார் பேக்கர். சிமிட்டியும் பாரமும் குறைந்தன. வெயில் காலத்தில் அறையும் வெப்பந்தணிந்திருந்தது.

மூன்றாவது வடிவம். 100 சதுர அடியைச் சதுரமாக வளைக்க 40 அடி நீளச் சுவர் வேண்டும். அதே பரப்பை வட்டமாக வளைக்க 35 அடிக்குச் சற்று மேல் போதும். பேக்கரின் வீடுகளில் வளைந்த சுவர்களைக் கண்டோர் அவற்றை அழகுக்காக அமைத்தவை என்று எண்ணினர். அழகு உண்டு, ஆனால் அவ்வளைவுக்குப் பின்னே செங்கற்கணக்கும் உண்டு.

இவற்றோடு, உறுதியான செங்கல்லை மூடிப் பூச வேண்டியதில்லை, எல்லாச் சன்னலுக்கும் மரச்சட்டம் தேவையில்லை, இடித்த வீட்டின் கதவும் தூணும் புதுவீட்டில் மீண்டும் வாழலாம் என்பன அவருடைய நடைமுறைகள். ‘மலிவு வீடு’ என்ற சொல்லை அவர் விரும்பவில்லை. ஏழைக்கு ஒரு முறை, செல்வர்க்கு ஒரு முறை என்று பிரித்தால், ஏழைக்கு உரியது இழிந்ததாகவே கருதப்படும் என்பதை அவர் அறிந்திருந்தார். வீண்செலவைத் தவிர்ப்பது யாவர்க்கும் பொதுவான கடமை என்பதே அவர் கொள்கை.

கேட்டறிதலும் மறுத்துரைத்தலும்

ஆயினும் பேக்கரை வெறும் சிக்கன நிபுணராக மட்டும் கருதுவது அவரைப் பாதி அறிவதாகும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அவர் எழுப்பியதாகக் கூறுவர். அவற்றுள் எதனையும் மற்றொன்றின் படியாக அவர் அமைக்கவில்லை. இரண்டு குடும்பங்கள் ஒன்றுபோல் இருப்பதில்லையாகையால், இரண்டு வீடுகள் ஒன்றுபோல் இருக்க வேண்டிய காரணமும் இல்லை என்பது அவர் எண்ணம்.

வீடு வேண்டி வருவோரிடம் அவர் முதலில் எத்தனை அறை வேண்டும் என்று கேட்டு நிறுத்திக்கொள்வதில்லை. வீட்டில் யார் யார் இருக்கின்றனர், அவர்கள் பொழுதை எவ்வாறு கழிக்கின்றனர், கையிருப்பு எவ்வளவு என்பவற்றை அறிந்துகொள்வார். மனைக்குச் சென்று, காற்று வரும் திசை, மழைநீர் ஓடும் வழி, நிற்கும் மரங்கள் ஆகியவற்றைப் பார்ப்பார். பயன்படுத்திய தாள்களின் பின்புறமே அவருடைய வரைபடத் தாள். பெரிய அலுவலகமோ உதவியாளர் கூட்டமோ அவரிடம் இல்லை. கொத்தனாருடன் மனையில் நின்று, கட்டக் கட்டத் திருத்திக்கொண்டு போவார். நம் முன்னோர் வீடுகள் எழுந்த முறையும் இதுதானே!

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கேட்டறிதல் வேறு, கேட்டதையெல்லாம் கொடுத்தல் வேறு. பேக்கர் தம்மிடம் வந்தோரின் ஆடம்பர விருப்பங்களுக்கு எளிதில் இணங்கியவரல்லர். அண்டை வீட்டுக்குப் போட்டியாக எழும் முகப்பையும், ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும் விருந்தினர் அறையையும் வேண்டுவோரிடம், அது தேவைதானா என்று வினவுவதைத் தம் கடமையாகக் கருதினார். நோயாளி விரும்பும் மருந்தையெல்லாம் எழுதித் தருபவர் நல்ல மருத்துவராகார். ஆனால் நோயாளியின் பேச்சைக் கேளாமல் மருந்து எழுதுபவரும் நல்ல மருத்துவராகார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நெறியில் நின்றார் பேக்கர்.

கேளாமல் கட்டுவதன் விளைவுக்கு உலக வரலாற்றில் ஒரு சான்று உண்டு. எகிப்து நாட்டின் ஹசன் பாத்தி, மண்செங்கல்லின் மாண்பை உலகுக்கு உணர்த்திய பெருங்கலைஞர். நாற்பதுகளின் இடையில், பழைய கல்லறைகளின் மேல் வாழ்ந்து வந்த குர்னா ஊர் மக்களுக்காக லக்சருக்கு அருகே ஒரு புதிய ஊரை அவர் எழுப்பினார். குவிமாடங்களும் வளைகூரைகளும் கொண்ட அழகிய ஊர். ஆனால் மக்களுள் பெரும்பாலோர் அங்கே குடியேற மறுத்துவிட்டனர். தங்கள் பிழைப்பு பழைய இடத்தோடு பிணைந்திருந்ததாலும், குடிபெயர்வது அரசின் முடிவேயன்றித் தங்கள் முடிவன்று என்பதாலும் அவர்கள் அசையவில்லை. பாத்தியின் அன்பில் குறையில்லை. அவருக்குப் பணியிட்டது அரசு என்பதே குறை.

இதற்கு மாறான சான்று இலங்கையிலிருந்து கிடைக்கிறது. கண்டியில் பிறந்த மின்னெட் டி சில்வா, அந்நாட்டின் முதல் பெண் கட்டடக் கலைஞர். ஐம்பதுகளில் வட்டப்புலுவ என்னுமிடத்தில் அரசு ஊழியர்க்கான குடியிருப்பை வடிவமைத்தபோது, குடியேறப் போகும் குடும்பங்களுக்கு வினாத்தாள்களை அனுப்பி அவர்தம் தேவைகளைக் கேட்டறிந்தார். ஏறத்தாழ 250 வீடுகள் கொண்ட அத்திட்டத்தில், பல இனத்தாரும் தத்தம் வாழ்க்கை முறைக்கேற்ற வீட்டைப் பெற வழி செய்தார். பலருக்குக் கட்டும்போதும் ஒவ்வொருவரையும் கேட்க இயலும் என்பதை அவர் காட்டினார்.

எதிர்வழக்கு

பேக்கரின் முறைக்கு மறுப்பு இல்லாமலில்லை. கேரள அரசு 1972இல் தொடங்கிய லட்சம் வீடுத் திட்டம், எம்.என். கோவிந்தன் நாயர் அமைச்சராயிருந்து முன்னின்று நடத்தியது. வீடற்ற தொழிலாளர்க்காக ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற வீடுகள் விரைந்து எழுந்தன. ஒவ்வொரு குடும்பத்துடனும் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தால் இலட்சம் வீடுகளைக் கட்ட இயலுமா என்று கேட்பின், அவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மழையில் நனைபவனுக்குக் கூரையே முதல் தேவை.

மேலும், பேக்கரின் கட்டடத்துக்குக் கைத்திறன் மிக்க கொத்தனார் வேண்டும். பூச்சு என்பது குறைகளை மறைக்கும் போர்வை. அதனை நீக்கிவிட்டால் ஒவ்வொரு செங்கல்லும் சாட்சி சொல்லும். நல்ல செங்கல் கிடைக்காத ஊரில் இம்முறை தடுமாறும். பேக்கர் தாமே மனையில் நின்றதால் சிறந்த பணி, அவர் இல்லாதவிடத்துச் சிறக்குமா என்ற ஐயமும் எழுந்தது. இவற்றையெல்லாம் விடப் பெரிய தடை மனத்தில் இருந்தது. பல தலைமுறைகள் மண் குடிசையில் வாழ்ந்த ஏழைக்கு, சிமிட்டி வீடு என்பது மானத்தின் அடையாளம். மண்ணின் பெருமையைச் சொல்பவர் மாடியில் வாழ்பவராக இருக்கும்போது, அவ்வேழையின் ஐயத்தில் நியாயம் உண்டு.

இவ்வெதிர்வழக்குக்குப் பேக்கர் சொல்லால் விடை கூறியதைவிடச் செயலால் கூறியதே மிகுதி. தம் முறையில் முதலில் தாமே வாழ்ந்தார். பேராசிரியர்க்கும் அதிகாரிக்கும் அதே பூசாச் சுவரை எழுப்பினார். காஸ்ட்போர்டின் வாயிலாகக் கொத்தனார்கள் பலர் பயிற்சி பெற்றனர். பெண்களும் கட்டட வேலையில் பயிற்சி பெற்றனர். எண்ணிக்கை பற்றிய வினாவுக்கு வேறொரு விடை இந்தூரில் கிடைத்தது. எண்பதுகளில் அங்கே உருவான ஆரண்யா குடியிருப்பில், பாலகிருஷ்ண தோஷி ஏழைக் குடும்பங்களுக்கு மனையும் அடித்தளமும் நீர், கழிவு வசதிகளும் அமைத்துக் கொடுத்து, வீட்டை அவரவர் வசதிக்கேற்ப வளர்த்துக்கொள்ள விட்டார். அரசு செய்ய வேண்டியது எது, குடும்பத்திடம் விட வேண்டியது எது என்பதைப் பிரித்தறிந்த திட்டம் அது. தோஷி 2018இல் கட்டடக் கலையின் உயர்ந்த பரிசாகிய பிரிட்சுக்கர் பரிசைப் பெற்றார்.

நமக்கு உரியது

நம் பகுதியின் நிலை என்ன? மேற்கு மலையின் மழை மறைவில், கோடையில் வெயில் கொளுத்தும் ஊர்கள் நம்முடையவை. இங்கே ஓட்டு வீடுகளும், சுண்ணாம்புச் சுவரும் மரக்கட்டைத் தளமும் கொண்ட மச்சு வீடுகளும் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, திண்ணையும் முற்றமுமற்ற கான்கிரீட் பெட்டிகள் எழுகின்றன. பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம் இரவெல்லாம் அதனை உமிழ்கிறது. மின்விசிறி வெப்பக் காற்றையே சுழற்றுகிறது. அவ்வீட்டுக்காக வாங்கிய கடனோ, வீட்டார் உறங்கும்போதும் உறங்குவதில்லை. வீட்டைக் கட்டிப் பார் என்னும் பழமொழி, கட்டுவதன் அருமையைச் சொல்ல எழுந்தது. இன்று அது கடனின் கொடுமையைச் சொல்வதாக மாறிவிட்டது. ஆலைத் தொழிலாளியின் வாழ்நாள் சேமிப்பு முழுவதும், அவர் வாழ்வுக்குச் சிறிதும் பொருந்தாத ஒரு முகப்பில் முடங்கிப்போவது சிறிய செய்தியன்று.

தேவதானத்து இறைவனுக்கு நச்சாடை தவிர்த்தவர் என்பது திருநாமம். பகைவன் விடுத்த நஞ்சு தோய்ந்த பட்டாடையிலிருந்து பாண்டிய மன்னனைக் காத்தருளினார் என்பது தலபுராணச் செய்தி. காண்பதற்குப் பகட்டாக இருந்து, உடுத்தவனை எரிக்கும் ஆடை அது. பிறர் மெச்சுவதற்காக நாம் எழுப்பிக்கொள்ளும் வீடும் சில வேளைகளில் அத்தகைய ஆடையே. அதனை உடுத்துமுன் ஒருகணம் தயங்கும் அறிவு நமக்கு வேண்டும்.

கொடுப்பவரையன்றிப் பெறுவோரை முன்னிறுத்தும் மரபு நமக்கு அயலானதும் அன்று. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகவும் ஒரிசாவின் ஆளுநராகவும் விளங்கிய பூ.ச. குமாரசாமி ராஜா, இராசபாளையத்தில் தாம் வாழ்ந்த இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு வழங்கினார். ஒரு குடும்பத்துக்காக எழுந்த வீடு ஊருக்கு உரியதாயிற்று. காந்தியடிகளின் ஒரு சொல்லை ஏற்று இங்கிலாந்திலிருந்து வந்த கட்டடக் கலைஞரும், காந்தியடிகளின் பெயருக்குத் தம் வீட்டை வழங்கிய நம் ஊர்ப் பெரியவரும், மலையின் இருபுறத்தே ஒரே நெறியில் நின்றவர்கள் எனலாம்.

பேக்கரின் கட்டடங்களை அப்படியே நம் ஊரில் நகல் எடுக்க வேண்டும் என்று கூறுவது இக்கட்டுரையின் கருத்தன்று. அவ்வாறு செய்வது அவர் கொள்கைக்கே மாறானதாகும். திருவனந்தபுரத்தின் மழை வேறு, நம் வெயில் வேறு. அவரிடமிருந்து நாம் பெற வேண்டியவை வினாக்களே. இவ்வீட்டில் வாழப் போகின்றவர் யார்? அடுப்படியில் நாள்முழுதும் நிற்கின்ற பெண்ணைக் கேட்டோமா? படியேற இயலாத முதியவரை எண்ணினோமா? நம் ஊர்ச் சூளையிலும் நம் ஊர்க் கொத்தனாரின் கையிலும் உள்ளதை முதலில் தேடினோமா? இச்செலவில் எவ்வளவு நமக்காக, எவ்வளவு தெருவுக்காக?

வீடு கட்ட முனைவோர் கடைக்கால் தோண்டுமுன் இவ்வினாக்களைக் கொத்தனாரோடு அமர்ந்து பேசட்டும். அரசுத் திட்டங்களின் கீழ் வீடு பெறுவோர், தமக்கு வேண்டியதை ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து கேட்கட்டும். கட்டடக் கலை பயிலும் நம் ஊர் இளைஞர், இடிபடவிருக்கும் பழைய வீடுகளை, அவை மண்ணோடு மண்ணாகுமுன், அளந்து வரைந்து வைக்கட்டும். ஏன் இந்த முற்றம், எதற்கு இந்தத் திண்ணை என்று வீட்டு முதியோரைக் கேட்டு எழுதி வைப்பதும் இலக்கியப் பணியே. பத்தாண்டுகளாக நூல்களைப் பேணிவரும் இவ்வட்டம், செங்கல்லில் எழுதப்பட்ட அந்நூல்களையும் தன் கடமைக்குள் சேர்த்துக்கொள்ளுமாயின், வருங்காலம் நன்றியோடு நினைக்கும்.